பந்தாட்டங் காண வந்தோர்

கால்பந்தாட்டத்தில் கட்சிக்குப் பதினொருவர் என்பது உலகறிந்த கணக்கு. எம்மூராகிய கள்ளக்குறிச்சியில் யாம் சிறுபருவத்தே கண்ட ஆட்டங்களிலோ, கோட்டுக்கு வெளியே நின்றோரும் ஆட்டக்காரராகவே விளங்கினர். அவருட் சிலரை ஈண்டு நினைவுகூர விழைகின்றோம்.

விசில் இல்லா நடுவர் ஒருவர் இருந்தார். தையற்கடைக்காரராகிய அவர், கழுத்தில் அளவுநாடா தொங்க ஓடிவந்து, மெய்ந்நடுவர் ஊதுமுன்னரே தீர்ப்புக் கூறிவிடுவார். வேர்க்கடலை விற்கும் பாட்டியாரோ, தம் பேரன் கட்சி கோல் போட்டால் ஆழாக்கைக் குவித்து அளப்பார். எதிர்க்கட்சி போட்டால் தலைதட்டி அளப்பார். ஆதலின் கடலை தின்போர் யாவரும் அப்பேரன் கட்சியினரே!

எம் நெஞ்சைவிட்டு நீங்காதவர் கல்வராயன் மலைப் பெரியவர். வெள்ளிமலைப் பேருந்தில் தேனும் கடுக்காயும் கொணர்ந்து விற்றபின், மாலையில் கரிய குடையொன்றை ஊன்றித் திடலில் நிற்பார். அவருக்கெனக் கட்சி இல்லை. எக்கட்சி தோற்கின்றதோ அதன் பக்கஞ் சென்று, "போனாற் போகட்டும், ஆடு சாமி!" என்று கூவுவார். இரு கட்சியும் மாறி மாறிக் கோல் போடும் நாளில், திடலைச் சுற்றி நடந்தே களைத்துப்போவார். யாம் கைகொட்டி நகைப்போம்.

2019 ஆம் ஆண்டு நவம்பர் 26 ஆம் நாள் எம்மூர் மாவட்டத் தலைநகராயிற்று. அதனையடுத்த பொங்கல் ஆட்டத்தின்போது, யாமும் தோழர் இருவரும் விளையாட்டாக அவர் குடையை வேலிக்குப் பின்னே ஒளித்தோம். அவர் தேடித் தேடிப் பொழுது சாய்ந்தது. கடைசிப் பேருந்தும் போயிற்று. குடையை நீட்ட எமக்குத் துணிவு வரவில்லை. அவர் கண்ணிற் படுமிடத்தே அதனை வைத்துவிட்டு ஓடினோம். அன்றிரவு பேருந்து நிலையத்திற் குளிரிற் படுத்திருந்தார் என்று பின்னர்க் கேள்வியுற்றோம்.

மறுவாரம் எம் பள்ளி தோற்றுக்கொண்டிருந்தது. அதே குடையுடன் எம் பக்கம் வந்து நின்று, வழக்கம்போற் கூவினார்! மன்னிப்புக் கேட்க வாயெடுத்தோம், வெட்கந் தடுத்தது. மார்ச்சுத் திங்களிற் கொள்ளைநோய் ஊரை அடைத்தது. திடல் மீண்டும் திறந்தபோது அவர் வரவில்லை.

பிரேசில் நாட்டுக் குளோவிஸ் பெர்னாண்டஸ் என்பார், உலகக் கோப்பையின் படிவமொன்றை ஏந்தி ஆட்டங் காணச் செல்பவர். 2014 ஆம் ஆண்டு ஜூலை 8 ஆம் நாள் அவர் நாடு ஜெர்மனியிடம் 7-1 எனத் தோற்றது. அப்படிவத்தை மார்போடணைத்துக் கலங்கி நின்ற அவர், பின்னர் அதனை ஜெர்மானியப் பெண்ணொருத்தியிடம் கொடுத்தார். 2015 இல் அவர் மறைந்தபோது உலகம் அவரை நினைந்தது. எம் பெரியவரை நினைக்க யார் உளர்?

அன்பர்காள்! அயலானை நேசி என்னும் பாடத்தை ஞாயிறுதோறும் கேட்டு வந்த யாம், அதனைத் திடலிற் செய்துகாட்டியவரின் குடையை ஒளித்தோம். இவ்விடுமுறையில் வெள்ளிமலைக்குச் செல்ல எண்ணியுள்ளோம். கேளாத மன்னிப்பு இன்னும் எம்மிடத்தே இருக்கின்றது.