47 கிலோமீட்டர் கடலும் ஒரு சோலார் படகும்!

ஸ்லோவேனியா... இந்தப் பேரைக் கேட்டதும் ஸ்லோவாகியாவோட போட்டுக் குழப்பிக்காத ஆள் அபூர்வம். இத்தாலிக்கும் குரோஷியாவுக்கும் நடுவுல உட்கார்ந்துகிட்டு, ஏட்ரியாட்டிக் கடலை எட்டிப் பார்க்கிற குட்டி நாடு. வளைவு நெளிவெல்லாம் சேர்த்து அளந்தாலே அதோட கடற்கரை சுமார் 47 கிலோமீட்டர்தான்!

இவ்வளவு குட்டிக் கடற்கரையை வெச்சுக்கிட்டு, 2010-ல் ஐரோப்பியப் படகுக்காரங்க எல்லாரையும் திரும்பிப் பார்க்க வெச்சாங்க. படகோட பேர் கிரீன்லைன் 33. வடிவமைச்சது யாகோபின் சகோதரர்களோட ஜே அண்ட் ஜே டிசைன். பத்து மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் கம்மியான நீளம், கூரை முழுக்க சோலார் தகடு, வயித்துக்குள்ள டீசல் எஞ்சின், கூடவே எலெக்ட்ரிக் மோட்டார். அதாவது, ஹைப்ரிட்!

'சத்தமில்லை, புகையில்லை, சூரியனே பெட்ரோல் பங்க்' என்று சொல்லும்போது கேட்க சூப்பரா இருக்கு. ஆனா, பச்சை பெயின்ட் அடிச்ச எல்லாமே பச்சை கிடையாது பாஸ். அதனால அந்தக் கடற்கரை ஓரமாவே படகைக் கற்பனையில ஓட்டிக்கிட்டுப் போய், ஒவ்வொரு ஊர்லயும் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம்.

முதல் ஊர் கோப்பர். ஸ்லோவேனியாவோட ஒரே பெரிய சரக்குத் துறைமுகம். கன்டெய்னர் கப்பல்கள் மலை மாதிரி நிக்கும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி, பேட்டரியில எவ்வளவு தூரம் போகும்?

கிரீன்லைன் 33-ல் இருந்த லித்தியம் பேட்டரி 11.5 கிலோவாட் மணி. நம்ம கரன்ட் பில் பாஷையில சொன்னா பதினொன்றரை யூனிட். இதை வெச்சு 4 நாட் வேகத்துல 20 கடல் மைல் போகலாம் என்பது கம்பெனிக் கணக்கு. கடல் மைல்னா 1.85 கிலோமீட்டர். ஆக, 37 கிலோமீட்டர். ஓரங்களை ஒட்டி வளையாம நேரா வெட்டிக்கிட்டுப் போனா, கோப்பர்ல கிளம்பி இஸோலா, பிரான் எல்லாம் தாண்டி போர்ட்டோரோஷ் வரைக்கும் ஒரே சார்ஜ்ல வந்துடலாம். ஒரு நாட்டோட கடற்கரையில பெரும்பகுதி ஒரு சொட்டு டீசல் இல்லாம! அடடா!

கொஞ்சம் பொறுங்க. 4 நாட் என்பது மணிக்கு ஏழரை கிலோமீட்டர்கூட இல்லை. கரையில ஜாகிங் போறவர் உங்களுக்கு டாட்டா காட்டிட்டு முன்னாடி போயிடுவார்!

சரி, வேகமா போனா என்ன? அங்கேதான் தண்ணீர் தன் வேலையைக் காட்டும். இந்த மாதிரி படகுல வேகத்தை ரெண்டு மடங்காக்கணும்னா, சுமாரா எட்டு மடங்கு சக்தி வேணும். மோட்டாரோட முழு சக்தி 7 கிலோவாட். அதை முழுசா முடுக்கினா பேட்டரி ஒன்றரை மணி நேரத்துல காலி. கிடைக்கிற வேகமோ சுமார் 6 நாட்தான். அதுக்கு மேல பறக்கணும்னா டீசல் எஞ்சினைத்தான் எழுப்பணும். அதுல 75 குதிரைசக்தி, 165 குதிரைசக்தின்னு ரெண்டு சாய்ஸ் இருந்துச்சு.

இன்னொரு கணக்கும் இருக்கு. ஒரு லிட்டர் டீசலுக்குள்ள சுமார் 10 யூனிட் சக்தி ஒளிஞ்சிருக்கு. எஞ்சின் அதுல மூணுல ஒரு பங்கைத்தான் வேலையா மாத்தும். அப்படிப் பார்த்தாலும், அந்தப் பெரிய பேட்டரி செய்யற வேலையை மூணரை லிட்டர் டீசல் செஞ்சுடும். ரெண்டு வாட்டர் பாட்டில்ல அடங்கிடும்! மின்சாரப் படகு ஏன் இவ்வளவு மெதுவா வளருதுன்னு இப்பப் புரியுதா?

அடுத்த ஊர் இஸோலா. பேருக்கு அர்த்தமே தீவு. ஒரு காலத்துல நிஜமாவே தீவாத்தான் இருந்துச்சு, அப்புறம் கரையோட சேர்த்துட்டாங்க. மீன்பிடி ஊர். இங்கே நங்கூரம் போட்டுட்டு அடுத்த கேள்வி... சொகுசு எப்படி?

இதுல படகு முழு மார்க் வாங்குது. உள்ளே வீட்டு ஃப்ரிட்ஜே வெச்சிருந்தாங்க. பின்பக்கக் கதவை மடக்கி இறக்கினா நீச்சலடிக்கப் படி ரெடி. நாலு பக்கமும் பெரிய கண்ணாடி. சாதாரணப் படகுல நங்கூரம் போட்டு நின்னாலும், ஃப்ரிட்ஜுக்கும் காபிக்கும் ஜெனரேட்டர் கடகடன்னு கத்திக்கிட்டே இருக்கும். இதுல கூரையில இருக்கிற 1.3 கிலோவாட் சோலாரே அந்த வேலையைப் பார்த்துக்கும். உண்மையைச் சொன்னா, சூரியன் இந்தப் படகை ஓட்டுறதைவிட, அதுக்குள்ள குடித்தனம் நடத்துறதுக்குத்தான் அதிகம் உதவுது!

மூணாவது ஊர் பிரான். இந்தக் கடற்கரையோட ஹீரோயின்! 1283 முதல் 1797 வரைக்கும் வெனிஸ் ஆட்சியில இருந்த ஊர். மணிக்கூண்டுகூட வெனிஸ் மாடல்தான். வயலின் மேதை ஜூசெப்பே தார்த்தீனி 1692-ல் பிறந்தது இங்கேதான். அவர் பேர்ல இருக்கிற சதுக்கம் முன்னாடி மீனவர் படகுகள் நின்ன உள்துறைமுகம். 1894-ல் அதைத் தூர்த்து மேடாக்கிட்டாங்க. சந்துகள் அவ்வளவு குறுகல் என்பதால, வெளியூர்க்காரங்க காரைப் பொதுவா ஊருக்கு வெளியேயே விட்டுட்டு வரணும்.

காரையே வெளியே நிறுத்துற ஊருக்குள்ள, டீசல் நாத்தத்தோட ஒரு படகு நுழைஞ்சா எப்படி இருக்கும்? அங்கேதான் இந்தப் படகு அழகு. துறைமுகத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே டீசலை அணைச்சுட்டு, பூனை மாதிரி உள்ளே வரலாம். யாரோட தூக்கமும் கெடாது.

கடைசியா போர்ட்டோரோஷ். ரோஜாத் துறைமுகம்னு அர்த்தம். படகைக் கட்டிட்டுத் தரை வழியாப் பக்கத்துல இருக்கிற செச்சோவ்லியே உப்பளத்துக்குப் போகலாம். நூற்றாண்டுகளா வெயிலையும் காத்தையும் நம்பியே கையால உப்பு எடுக்கிற இடம். பறவைகளுக்குச் சரணாலயமும்கூட. உப்பளத்துக்காரங்களுக்குத் தெரிஞ்ச பாடம் ஒண்ணு உண்டு: வெயில் இலவசம்தான், ஆனா அவசரப்படாது!

அதே பாடம்தான் படகுக்கும். நல்ல கோடை நாள்ல அந்த சோலார் ஆறு யூனிட் கொடுத்தா பெருசு. பேட்டரி நிரம்ப ரெண்டு நாள் ஆகும். அவசரம்னா கரையில பிளக் சொருகணும். ஸ்லோவேனியாவோட மின்சாரம் அணு, நீர், கொஞ்சம் பழுப்பு நிலக்கரின்னு கலந்து வருது. அதனால பிளக்கும் முழுப் பச்சை இல்லை. டீசல் எஞ்சினை ஓட்டி பேட்டரியை நிரப்பினா? அது டீசலையே கொஞ்சம் சுத்திவிட்டு எரிக்கிறது. அவ்வளவுதான்.

'இப்படியே வெனிஸ் போய் ஒரு பீட்சா?' என்று கேட்டால்... அது சுமார் 100 கிலோமீட்டர். டீசல்தான் கதி.

இப்போ பெரிய மாடலான கிரீன்லைன் 40-ல் டீசல், ஹைப்ரிட், முழு எலெக்ட்ரிக்னு மூணு விதமாவும் வாங்கலாம். எதுக்கு என் ஓட்டு? ஊர் விட்டு ஊர் பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர், ராத்திரி பிளக் இருக்கிற துறைமுகம்... இப்படிப் போறவருக்கு எலெக்ட்ரிக். அப்பப்போ வெனிஸ் ஆசையும் வரும், மத்த நாள்ல மெதுவா மிதப்பேன்னு சொல்றவருக்கு ஹைப்ரிட். எப்பவும் எஞ்சினை முறுக்கிக்கிட்டே பறக்கிறவருக்கு டீசலே போதும். அவர் ஹைப்ரிட் வாங்கினா, அந்த பேட்டரி விலை உசந்த சுமை, கிரீன் என்பது வெறும் ஸ்டிக்கர்!

கவனிச்சீங்களா? ஒரே படகு. ஓட்டுறவர் மாறினா பச்சை மாறிடுது. டீசலை மிச்சம் பண்றது பேட்டரி மட்டுமில்லை, 'பரவாயில்லை, மெதுவாப் போவோம்' என்கிற மனசும்தான். நாளைக்கு உங்க ஊர் ஷோரூம்ல 'ஈகோ', 'கிரீன்', 'ஹைப்ரிட்'னு எதைக் காட்டினாலும் மூணே கேள்வி கேளுங்க. எந்த வேகத்துல இவ்வளவு தூரம்? சார்ஜ் எங்கிருந்து வருது? நான் ஓட்டுற விதத்துக்கு இது செட் ஆகுமா?

பதில் சொல்லாம சேல்ஸ்மேன் கலர் சாய்ஸ் பத்திப் பேச ஆரம்பிச்சா... அப்படியே யூ டர்ன் போட்டுடுங்க!