காத்திருக்கக் கொடுக்கும் கூலி

உழைப்பவருக்குக் கூலி கொடுப்பது நீதி. நோயுற்றவரின் மருத்துவச் செலவை ஏற்பது இரக்கம். பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட முதலாளி பணம் கொடுப்பதை எதிலே சேர்ப்பது?

2014ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் அமெரிக்காவிலிருந்து இப்படியொரு செய்தி வந்தது. பேஸ்புக், ஆப்பிள் என்னும் இரு பெரும் நிறுவனங்கள், பெண் ஊழியர் தம் கருமுட்டைகளை உறைய வைத்துச் சேமிக்க விரும்பினால் 20,000 டாலர் வரை செலவை ஏற்கும் என்பதே அது. பின்னர் வேறு பல நிறுவனங்களும் அவ்வழியே சென்றன.

ஏறத்தாழ இரு வாரங்கள் ஊசி மருந்து செலுத்திப் பல முட்டைகளை ஒருங்கே முதிரச் செய்து, வெளியே எடுத்து, பூச்சியத்திற்குக் கீழே 196 பாகைக் குளிரில் திரவ நைட்ரஜனில் வைக்கிறார்கள். பிற்காலத்தில் அதினின்று குழந்தை பிறக்குமென்ற உறுதி எவரும் தருவதில்லை. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2012இல்தான் இதனைச் 'சோதனை முறை' என்று சொல்வதை விட்டது. வயதின் தடையை வெல்வதற்காக மட்டும் இதைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றும் அப்போதே கூறியது. இரண்டே ஆண்டுகளில் அது ஊழியர் சலுகையாகிவிட்டது!

நம் பங்கைச் சேர்ந்த அம்மையார் ஒருவரின் மகள் கலிபோர்னியாவில் கணிப்பொறித் துறையில் பணியாற்றுகிறாள். மணமாகி ஐந்தாண்டுகள். "சாமி, கம்பெனியே பணம் கட்டுகிறதாம். செய்துகொள்ளட்டுமா என்று மகள் கேட்கிறாள். பாவமா?" என்றார் தாய். செயற்கைக் கருத்தரிப்பை நோக்கமாகக் கொண்டு கருமுட்டைகளை உறைய வைப்பது அறநெறிக்கு ஒவ்வாதது எனத் திருச்சபையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2008இல் வெளியிட்ட ஏட்டைக் காட்டி விளக்கினோம். அமைதியாகக் கேட்டவர், "அப்படியானால் இந்த வேலை முடியட்டும், அந்த வேலை முடியட்டும் என்று அவளை இத்தனை ஆண்டு காக்க வைத்தவர்களுக்குப் பாவம் இல்லையா, சாமி?" என்றார்.

இக்கேள்வியை நம்மால் எளிதில் ஒதுக்க இயலவில்லை. பதவி மோகத்தால் பெண்கள் தாய்மையை விற்கிறார்கள் என்று பேசுவோர் உண்டு. பிரசங்க மேடையிலும் உண்டு. யேல் பல்கலைக்கழக மானிடவியலார் மார்சியா இன்ஹார்ன், முட்டைகளை உறைய வைத்த 150க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களிடம் பேசி 2023இல் ஒரு நூல் வெளியிட்டார். தக்க துணைவர் அமையாமையே பெரும்பாலோர்க்குக் காரணம் என்கிறார் அவர். மணமான நம் பங்கு மகளின் நிலையோ வேறு. அவளுக்குக் கணவன் உண்டு, காலந்தான் இல்லை.

அந்நாட்டின் 1993ஆம் ஆண்டுச் சட்டம் 12 வார விடுப்பை உறுதி செய்கிறது, அதுவும் ஊதியமின்றி, தனியார் துறையில் ஐம்பது பேருக்குக் குறைந்த நிறுவனங்களை அது கட்டுப்படுத்தாது. பேஸ்புக் அந்நாளிலேயே தாய்க்கும் தந்தைக்கும் நான்கு மாத ஊதிய விடுப்புக் கொடுத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆயினும் விடுப்புச் சீட்டு வேறு, அதை எடுத்தவளை மேலதிகாரி பார்க்கும் பார்வை வேறு. பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், முன்னேற்றத்திற்கு விலையாகப் பெண் தன் குடும்பத்தைக் கொடுக்க நேராதவாறு உழைப்பின் அமைப்பே திருந்த வேண்டும் என்றார். இங்கோ அலுவலக நாட்காட்டி அசையாமல் நிற்கிறது. பெண்ணின் உடல் அதற்கு இணங்குகிறது. முதலாளிக்கு இதுவே மலிவு என்று நமக்குத் தோன்றுகிறது.

மகளை இரண்டு செய்திகள் விசாரிக்கும்படி தாயிடம் சொல்லி அனுப்பினோம். பிள்ளை பெற்றுத் திரும்பிய பெண்கள் அங்கே பழைய பொறுப்பிலேயே இருக்கிறார்களா? வேலையை விட்டுவிட்டால் முட்டைகளைக் காக்கும் ஆண்டுக் கட்டணத்தை யார் செலுத்துவது? அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மையார் வந்தார். இரண்டாவதற்கு உடனே விடை கிடைத்துவிட்டதாம்: அவளேதான் செலுத்த வேண்டும். முதற் கேள்வியை அலுவலகத்தில் எவரிடமும் கேட்க மகளுக்குத் துணிவு வரவில்லையாம்.