நகக்கண்ணில் கறுப்பு



சென்ற சனிக்கிழமை விராலிமலையில், திருச்சி–மதுரை நெடுஞ்சாலையை ஒட்டிய ஓர் ஒர்க்‌ஷாப்புக்குச் சென்றிருந்தேன். பழைய கார்களைப் பேணுகிறவர்கள் அங்கே ஒருநாள் கூடி, தங்கள் வண்டிகளைத் தாங்களே பிரித்துப் பழுதுபார்த்தார்கள். நம் சபை வாலிபர் ஒருவர், "ஐயா, ஆரம்பத்தில் ஒரு ஜெபம் செய்துவிட்டுப் போங்கள்" என்று அழைத்திருந்தார். பத்து நிமிட வேலை என்றெண்ணி வெள்ளைச் சட்டையோடு போனேன். மாலை வரை திரும்பவில்லை.

பெரும்பாலும் அம்பாசிடர்கள், இரண்டு பிரீமியர் பத்மினிகளும் நின்றன. உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. ஆகையால் ஒருவரிடம் மிஞ்சியிருக்கும் உதிரிபாகமே இன்னொருவருக்கு ஆதாரம். வங்கி அதிகாரி ஒருவர் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார். அவர் மகள் விளக்குப் பிடித்தாள். அப்பால் மயில்கள் அகவிக்கொண்டிருந்தன.

அன்று அறிந்துகொண்ட ஒன்று என்னை வியப்பில் ஆழ்த்தியது. ஓடித் தேய்ந்த வண்டியைவிட ஓடாமல் நின்ற வண்டியே அதிகம் கெட்டிருந்தது. நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசினாய்ப் படிகிறது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்ச, உள்ளே துரு பிடிக்கிறது. யாரும் அதற்குத் தீங்கு செய்யவில்லை. யாரும் அதைத் தொடவுமில்லை.

நெகேமியா புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தைச் செமினரியில் தேர்வுக்காக மட்டுமே படித்தேன். வெறும் பெயர்ப்பட்டியல் என்று அலுத்துக்கொண்டதும் உண்டு. ஆனால் எருசலேமின் அலங்கத்தைப் பழுதுபார்த்தவர்களில் தட்டாரும் தைலக்காரரும் இருக்கிறார்கள். தன் குமாரத்திகளோடு வேலைசெய்த ஒரு தகப்பனும் இருக்கிறான். தெக்கோவா ஊரின் பெரிய மனிதரோ வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை. இதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன், என்னை எப்போதும் தட்டாரோடு சேர்த்துக்கொண்டே.

வயதான மெக்கானிக் ஒருவர் என்னைப் பார்த்து, "ஃபாதர், சும்மாதானே நிக்கிறீங்க? இதைப் பிடிங்க" என்றார். (நான் ஃபாதர் அல்ல என்று திருத்த அது சமயமாயில்லை.) கையில் தந்தது மெல்லிய எஃகுத் தகடு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டின் இடைவெளியை அதனால்தான் அளப்பார்களாம், ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர். தகடு வழுக்கிப் போகவும் கூடாது, திணறவும் கூடாது. நான்காம் முறைதான் எனக்குச் சரியாக அமைந்தது. அதற்குள் சட்டை போயிற்று.

என் தகப்பனார் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் அம்பாசிடர் ஓட்டினார். அதன் பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, இதே தகட்டை வைத்துப் பார்ப்பதைச் சிறுவயதில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன், ஒருமுறையும் கற்றுக்கொள்ளவில்லை. செமினரி விடுதிக்கு ஒருநாள் காக்கிச் சட்டையில், கிரீஸ் படிந்த கைகளோடு என்னைக் காண வந்தார். யாரென்று நண்பர்கள் கேட்டபோது, "ஊரிலிருந்து வந்திருக்கிறார்" என்றேன். அது அவர் காதில் விழுந்தது. அவர் கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, பேருந்துக்கு நேரமாகிறது என்று சொல்லிப் போனார். பின்பு அவர் உயிரோடிருந்த காலமெல்லாம் இதைக்குறித்து நாங்கள் பேசவேயில்லை. பேசியிருக்கவேண்டியவன் நான்.

மறுநாள் திருவிருந்தில் அப்பத்தைப் பிட்டபோது என் நகக்கண்களில் கறுப்பு இருந்தது. மூதாட்டி ஒருவர் என் விரல்களைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்திருந்தால் போயிருக்கும். அப்பா அப்படித்தான் துடைப்பார்.