எந்தச் சேவல் முதலில் கூவுகிறது?

பெங்களூர் தண்டுப் பகுதியில் இன்னும் கோழி வளர்க்கிறார்கள் என்று அல்சூர் நண்பர் சொன்னபோது, யாரோ ஆசைக்கு வளர்க்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். "ஆசைக்கு இல்லை. அந்த அம்மாவை வந்து பாருங்கள். காலைப் பார்த்தே எந்த ஜாதிக் கோழி என்று சொல்லிவிடுவார்" என்றார். அவரோடு மர்பி டவுனுக்குப் போனேன்.

வெள்ளைக்காரர் காலத்தில் சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷனில் எஞ்சினியராக இருந்த மர்பியின் பெயர் இந்த இடத்துக்கு. அதற்கு முன் நாக்ஸ்பேட். சந்துக்குள் நுழைந்தால் இன்றும் முதலில் காதில் விழுவது தமிழ்தான். அந்த அம்மாவின் தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தவர். அம்மாவோ இந்திரா நகர் வீடுகளில் பாத்திரம் தேய்த்தே பிள்ளைகளை ஆளாக்கினார். முழங்கால் விட்டுப்போன பிறகு கோழிதான் வருமானம். வீட்டின் பின்சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு துண்டு இடம், தகரக் கூரை, இரண்டு பஞ்சாரம். பெட்டைகள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். சேவல் ஒன்றே ஒன்று. தீவனத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: ராகி, மீந்த சோறு, கீரைத்தண்டு.

ஒரு கோழியைப் பிடித்துக் கையில் கொடுத்து, எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தந்தார். முதலில் கால், அடுத்து காது, பிறகு கொண்டை. நிறத்தைக் கடைசியில்தான் பார்க்க வேண்டுமாம். "நெறம் ஏமாத்திடும் தம்பி. காலு ஏமாத்தாது."

கால் மஞ்சள், காதோரத் தோல் வெள்ளை, கொண்டை பெரிசு என்றால் அது லெகார்ன் ரத்தம். வெள்ளை முட்டையாக நிறைய இடும், அடைக்கு உட்காராது. கழுத்து நீண்டு, நெஞ்சு நிமிர்ந்து, கால் தடித்து, கொண்டை சிறுத்திருந்தால் பெருவிடை. உடம்பு கனத்து, கலப்பு நிறத்தில் மந்தமாக நடந்தால் பெரும்பாலும் கிரிராஜா. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்ட இனம் அது. சீக்கிரம் எடை போடும், நாட்டுக்கோழியைவிட அதிகம் முட்டையிடும், ஆனால் அதை நம்பி அடைவைக்க முடியாது. அவர் வளர்ப்பது சிறுவிடை. உருவம் சிறிசு, முட்டை குறைவு. ஆனால் இருபத்தொரு நாள் எழாமல் உட்கார்ந்து பொரித்து, பருந்துக்கும் பூனைக்கும் குஞ்சைக் கொடுக்காமல் காப்பாற்றும். மின்சாரப் பொரிப்பான் வாங்க வழியில்லாத வீட்டுக்கு இந்தக் குணம்தான் முதல்.

அந்தக் குணத்தைக் காப்பாற்றுவது எப்படி என்று கேட்டேன். சேவலைக் காட்டினார். செவலை நிறம், வாலில் கருப்பும் பச்சையும் மின்னும் இறகுகள். பெட்டை எது வந்தாலும் இவர் கவலைப்படுவதில்லை. ஒரு பெட்டை கெட்டால் அதன் குஞ்சுகளோடு போயிற்று. ஒரு சேவல் தப்பாகிவிட்டால் அந்த ஆண்டின் குஞ்சு மொத்தமும் தப்பு.

அவர் பயப்படுவது வெள்ளைச் சேவலுக்கு. பள்ளிக்கூட வாசலில் பச்சை, ரோஸ் சாயம் போட்டு விற்கிறார்களே, அந்தக் குஞ்சுகள். முட்டைக்கோழிப் பண்ணைக்குப் பெட்டை மட்டும் போதும். பொரித்த அன்றே சேவல் குஞ்சுகளைப் பிரித்துக் கழித்துவிடுகிறார்கள். உலகின் பெரும்பகுதியில் அவற்றைக் கொல்வதுதான் வழக்கம். ஜெர்மனி 2022 தொடக்கத்தில்தான் அதைத் தடை செய்தது. இங்கே சாகாமல் மிஞ்சியவை சாயத்தில் முங்கி எழுந்து பிள்ளைகள் கைக்கு வருகின்றன. புது இறகு முளைக்கும்போது சாயம் போய்விடும். பிழைத்துக்கொண்டால் கொஞ்ச நாளில் பெரிய கொண்டையோடு ஒரு லெகார்ன் சேவல் சந்தில் திரியும். "அது மிதிச்ச முட்டைய அடை வெச்சா, அதுல வர்ற பெட்டை சரியா உக்காராது" என்றார். அப்படி ஒன்று புகுந்துவிட்டால் மூன்று வாரத்துக்கு முட்டைகளை அடைவைக்காமல் விற்றுவிடுவார். சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு, மூன்று வாரம் உயிரோடு தங்கும் என்று கால்நடைப் பாடப்புத்தகம் சொல்கிறது. அவர் அதைக் குஞ்சுகளின் காலைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்.

தன் சேவலையும் இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. தன் மகள்களையே மிதித்தால் குஞ்சு சோடை போகும் என்று வேறு சந்தில் மாற்றிக்கொள்கிறார். புதுச் சேவலை விடுவது இருட்டிய பிறகுதான். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, சண்டை வராது. காலையில் பக்கத்தில் நிற்பது புதிது என்று பெட்டைகள் பொருட்படுத்துவதில்லை. கால் முள்ளை ராவுவதும் இரவில்தான். எங்களுக்குக் காட்டவென்று அன்று சேவலை மடியில் கவிழ்த்து, கண்ணை முந்தானையால் மூடி, சின்ன அரத்தால் முள்ளின் நுனியை மட்டும் மழுக்கினார். அடிப்பக்கம் போனால் ரத்தம் வரும். ராவாமல் விட்டால் பெட்டையின் முதுகு கிழிந்துவிடும். பெட்டைகளின் முதுகை இறகு விலக்கிக் காட்டினார்: புண்ணே இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய தொல்லை கூவல். மாடி வீட்டுக்காரர்கள் விடியுமுன் கூவுகிறது என்று சண்டைக்கு வருகிறார்கள். வளரும் சேவல்கள் மூன்று நான்கு இருந்த காலத்தில், எது முதலில் கூவுகிறது என்று இருட்டில் படுத்தபடியே கேட்டு வைத்திருப்பாராம். "பெரியவன் கூவுனாதான் மத்ததுங்க கூவும். அவன வித்துட்டா ரெண்டாவது இருக்கிறவன் ஆரம்பிச்சிடுவான்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜப்பானின் நாகோயா பல்கலைக்கழகத்தில், சேவல் விடியலை அறிவது உடலுக்குள் ஓடும் கடிகாரத்தால் என்று 2013இல் நிறுவினார்கள். கூட்டத்தில் மேல்நிலையில் உள்ள சேவலே முதலில் கூவுகிறது, மற்றவை தத்தம் வரிசைப்படி கூவுகின்றன, முதலாவதை எடுத்துவிட்டால் அடுத்தது தொடங்குகிறது என்று 2015இல் எழுதினார்கள். மர்பி டவுனில் இதற்குக் கருவியே தேவைப்படவில்லை.

இவ்வளவு அறிவுக்கு என்ன விலை கிடைக்கிறது? யுகாதிக்கு மறுநாள் ஹொசதொடக்கு. ஊரே கறி சமைக்கும். அதற்கு முன்பும் ஆடி மாதத்திலும் வியாபாரி வருவார். கோழியைத் தூக்கிப் பார்த்துக் கண்மதிப்பில் ஒரு தொகை சொல்வார், தராசு எடுத்து வரமாட்டார். கடையில் அதே கோழி கிலோ கணக்கில், நாட்டுக்கோழி விலையில். பக்கத்திலேயே கூண்டில் கிராஸ் கோழியும் அதே பெயரில், அதே விலையில். பொய்க்கும் மெய்க்கும் ஒரே விலை என்றால் மெய்யை வளர்ப்பவருக்கு நஷ்டம். இனத்தைத் தேர்ந்து, பிரித்து, தலைமுறையாகக் காப்பாற்றுபவர் பண்ணையாளர்தான். பல்கலைக்கழகத்தில் அதைச் செய்தால் விஞ்ஞானி என்கிறோம், சந்தில் செய்தால் கோழிக்கார அம்மா என்கிறோம். இந்த அநியாயத்தைச் சகித்துக்கொண்டு பேச எனக்கு வரவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் ஒரே வாரத்தில் பஞ்சாரம் காலியாகிவிடும். அதைத் தடுக்க எட்டு வாரம் ஆன கோழிக்குப் போடும் ஆர்2பி தடுப்பூசி பெரும்பாலும் நூறு கோழிக்கான குப்பியாகத்தான் கிடைக்கிறது. கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பன்னிரண்டு கோழி வைத்திருப்பவர் என்ன செய்வார்? நாலைந்து சந்து சேர்ந்தால் குப்பி வீணாகாது. மாதம் ஒரு நாள் கால்நடைத் துறையிலிருந்து ஓர் ஆள் வந்தால் போதும். அல்சூர், மர்பி டவுன் பக்கம் இருப்பவர்கள் இதை மனுவாக எழுதி உங்கள் எம்.எல்.ஏ.விடம் கொடுங்கள். நாட்டுக்கோழி வாங்கப் போனால் தராசு வைத்திருக்கும் கடைக்குப் போகுமுன் இந்தச் சந்துகளில் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.