சொல் செவியைச் சேர

ஒலியைக் கூட்டினால் சொல் விளங்கும் என்பது பலரின் எண்ணம். முஸ்தஃபா அக்காதின் ‘அர்ரிஸாலா’ (1976) அரபுப் படத்தைக் கணினியில் கண்டபோது, போர்முழக்கம் அறையை நிறைத்தது, சொற்களோ மங்கின. ஐம்பது கடந்த செவிக்கு உயர்ந்த அதிர்வுகளே முதலில் குன்றும். ஸீன், ஷீன், ஃபா ஆகிய எழுத்துகளின் உயிர் அவற்றில்தான் உள்ளது. மாணவரின் ஓதலைத் திருத்தும் எனக்கு இது சிறு கவலையன்று.

அவ்வதிர்வுகள் பெரிதும் நேர்க்கோட்டில் செல்பவை. ஆதலின் இரு ஒலிபெருக்கிகளையும் செவிமட்டத்திற்கு உயர்த்தி, முகம் நோக்கித் திருப்பி, அவற்றிடையே உள்ள தூரமே எனக்கும் அவற்றுக்கும் இருக்குமாறு அமைத்தேன். ஆறு தடங்கள் கொண்ட படமெனின், பேச்சு பெரும்பாலும் நடுத்தடத்தில் இருக்கும்; கணினியில் ‘ஸ்டீரியோ’ அமைப்பைத் தேர்ந்தால் அது இரு பெட்டிகளிலும் கலந்து வரும். கீழ்த்தொனியையும் சற்றுக் குறைத்தேன். ஹம்ஸாவின் சொல் தெளிந்தது.

அன்பர்களே, புதிய பெட்டி வாங்குமுன் பழைய பெட்டியின் இடத்தை மாற்றிப் பாருங்கள்.