கூட்டரசு நெடுஞ்சாலையிலிருந்து கெந்திங் மேடை வரை

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கெந்திங் மலை உச்சிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். சனிக்கிழமை இரவுக் கச்சேரிக்கு மதியமே கிளம்பிவிடுவது புத்திசாலித்தனம். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரு நெரிசல், கோம்பாக் பக்கம் இன்னொரு நெரிசல் என்று எப்படியும் பிடித்துக்கொள்ளும். மலேசியாவில் சட்டப்படி நடக்கிற ஒரே கேசினோ அந்த மலையில்தான் இருக்கிறது. ஆனால் "கெந்திங்குக்குப் போறோம்" என்று சொல்கிறவர்கள் எல்லாரும் சூதாடப் போவதில்லை. குளிருக்குப் போகிறவர்கள் உண்டு, பிள்ளைகளுக்காகப் போகிறவர்கள் உண்டு, மேடையில் யாரையாவது பார்க்கப் போகிறவர்களும் உண்டு. நான் மூன்றாவது வகை.

இந்தப் பாதையில் ஒரு விசேஷம் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த மேடைகளில் பலவும் இதன் ஓரத்திலேயே வரிசையாக வருகின்றன.

முதல் மேடை இப்போது இல்லை. 1950-களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் என்ற ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய ஊர்தான் பெட்டாலிங் ஜெயா. தோட்டங்களில் மேடை என்றால் மாரியம்மன் கோயில் முன்னால் நாலு கம்பு நட்டு, பலகை போட்டு, பின்னால் ஒரு சேலையைக் கட்டியதுதான். திருவிழா இரவில் பகலெல்லாம் பால் வெட்டியவரே ராஜபார்ட் வேடம் கட்டுவார். டிக்கெட் கிடையாது, வசூல் உண்டு. மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டுமென்பதால் கதையைச் சுருக்கினார்களா என்றால், அதுவும் இல்லை.

ஊரைத் தாண்டியதும் கோத்தா டாருல் ஏசான் வளைவு. 1974-ல் கோலாலம்பூரைக் கூட்டரசுக்கு விட்டுக்கொடுத்த சிலாங்கூர் எழுப்பிய எல்லைச் சின்னம் அது. கொஞ்ச தூரத்தில் அங்காசாபுரி. இன்று மின்னல் எஃப்எம் என்று சொல்லும் அரசாங்கத் தமிழ் வானொலி அங்கிருந்துதான் ஒலிக்கிறது. ஒரு காலத்தில் உள்ளூர்ப் பாடகருக்கு அந்த வானொலியில் பெயர் வந்த பிறகுதான் மேடையில் பெயர் வரும்.

பிரிக்பீல்ட்ஸில் வண்டியை நிறுத்தலாம். சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டலில் 1981-ல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இங்கே இருக்கிறது. பரதமும் இசையும் கற்றுக்கொடுத்து, அந்த மாணவர்களை வைத்தே பெரிய நாட்டிய நாடகங்கள் போடுகிறார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஜாலான் சுல்தான் சுலைமானில், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் துன் சம்பந்தன் கட்டடம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே சேர்ந்து நிலம் வாங்கட்டும் என்று துன் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தொடங்கிய சங்கம் அது. அந்தக் கட்டடத்துக்குள் இருக்கும் டான்ஸ்ரீ சோமா அரங்கத்தில் புத்தக வெளியீடு, பட்டிமன்றம், அரங்கேற்றம், மெல்லிசை, நாடகம் என்று எல்லாமும் நடக்கும். கோலாலம்பூரில் தமிழ் நிகழ்ச்சி என்றால் பாதிப் பேர் இடம் கேட்காமலே அங்கே வந்து நிற்பார்கள். தோட்டத் தொழிலாளியின் சந்தாப் பணத்தில் வளர்ந்த சங்கத்தின் மேடை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. காரணத்தை மலை ஏறிய பிறகு சொல்கிறேன்.

ஜாலான் துன் ரசாக்கில் இஸ்தானா புடாயா நிற்கிறது. 1999-ல் திறந்த தேசிய அரங்கம், நீலக்கூரை. மலாய் மேடையின் பங்சாவான் மரபு பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குக்கு வந்து போனதில் முளைத்தது. 1885-ல் அங்கே முதல் பங்சாவான் குழுவை நடத்தியவரின் பெயர் மாமாக் பூஷி. நம் பழைய பாய்ஸ் கம்பெனி நாடகங்களின் திரைச்சீலை, தந்திரக் காட்சி எல்லாம் அதே பார்சி வாசலில்தான் வந்தன. ஆக, இரண்டு மேடைகளும் பங்காளிகள்.

கோம்பாக்கில் இடப்பக்கம் பிரிந்தால் பத்துமலை. 42.7 மீட்டர் முருகன் சிலை 2006-ல் வந்தது. அடுத்த ஆண்டே அஜித்தின் பில்லா படப் பாடலில் உலகத் தமிழர் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். தைப்பூசத்தில் இங்கே சேரும் கூட்டத்தை எந்த நட்சத்திர இரவும் சேர்த்ததில்லை.

டோல் சாவடி தாண்டினால் காராக் நெடுஞ்சாலை. காடு, ஏற்றம், காதடைப்பு. நாட்டின் முதல் நெடுஞ்சாலைச் சுரங்கமான கெந்திங் செம்பா சுமார் 900 மீட்டர் நீளம். அதைத் தாண்டியதும் மலைப்பாதை பிரிகிறது. 1960-களில் கேமரன் மலை மின்திட்டத்தில் குத்தகைக்காரராக இருந்த லிம் கோ தோங், குளிரைத் தேடி கோலாலம்பூர்க்காரர்கள் அவ்வளவு தூரம் வர வேண்டுமா, பக்கத்திலேயே ஒரு மலைவாசத்தலம் செய்யலாமே என்று யோசித்தார். 1965-ல் முகமட் நோவா ஓமாருடன் சேர்ந்து கம்பெனி தொடங்கிச் சாலையை வெட்ட ஆரம்பித்தார். 1969 மார்ச் 31-ல் அடிக்கல் நாட்ட வந்தவர் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான். அரசாங்கப் பணமில்லாமல் மலையைத் திறந்த தைரியத்தைப் பாராட்டி, கேசினோ உரிமம் தரலாம் என்றார். முதல் ஹோட்டல் 1971-ல் திறந்தது. வழியில் நோவாவின் பெயரில் ஒரு பள்ளிவாசல், மேலே லிம் கட்டிய சின் சுவீ குகைக் கோயில். சூதாட்ட மலைக்கு ஏறுகிற பாதையில் இரண்டு மதத்துக்கும் வழிபாட்டிடம் இருப்பதை யாரும் முரணாக நினைப்பதாகத் தெரியவில்லை.

இந்த வளைவுகளில் வேகம் கூடாது. 2013 ஆகஸ்டில் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். கார் ஓட்ட மனமில்லாதவர்கள் அவானாவில் விட்டுவிட்டு கேபிள் காரில் ஏறலாம்.

உச்சி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். 7,351 அறைகளுடன் 2015-ல் கின்னஸில் இடம்பிடித்த ஃபர்ஸ்ட் வேர்ல்டு ஹோட்டல், கடைத்தெருக்கள், 2022-ல் திறந்த ஸ்கைவேர்ல்ட்ஸ் பூங்கா. இவற்றோடு 1998-ல் வந்த அரீனா ஆஃப் ஸ்டார்ஸ். அரைவட்டமாக இறங்கும் இருக்கைகள், சுமார் 6,000 பேர் கொள்ளும். சீனப் புத்தாண்டுக் காலத்தில் கேண்டனீஸ், மாண்டரின் பாடகர்களுக்கு அது கோட்டை. 2002 ஏப்ரல் 6-ல் இந்திப் படவுலகின் ஐஃபா விருது விழா அங்கே நடந்தது. லகான் படம் விருதுகளை வாரிக்கொண்டது, இசைக்கான விருது ஏ.ஆர். ரஹ்மானுக்கு. தமிழ்த் திரைப்பாடகர்களின் இரவுகளும் நடந்திருக்கின்றன. ஒலி, ஒளி, இருக்கை எதிலும் குறை சொல்ல முடியாது.

கேசினோக்காரருக்கு எதற்குப் பாட்டு? லாஸ் வேகஸ் காட்டிக்கொடுத்த பாடம் அது. 1969-ல் எல்விஸ் பிரெஸ்லி அங்கே ஒரு ஹோட்டலில் மேடையேறி 1976 வரை 600-க்கும் அதிகமான காட்சிகள் நடத்தினார். பாட்டு முடிந்து எழுந்தவர்கள் சூதாட்ட மேசைகளைக் கடந்துதான் வெளியே போக வேண்டும். இன்று அங்கே ஸ்ட்ரிப்பில் சூதாட்டத்தைவிட அறை, சாப்பாடு, காட்சி வருமானமே அதிகம். தூண்டிலில் மாட்டிய புழு மீனைவிட விலை ஏறிவிட்டது.

கெந்திங் கணக்கு வேறு. நாட்டில் பெரும்பான்மையினரான முஸ்லிம்களுக்குக் கேசினோவுக்குள் நுழையச் சட்டப்படி தடை. அவர்களுக்குக் காட்சி என்றால் காட்சி மட்டும்தான். முடிந்ததும் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். 21 வயது நிரம்பிய தமிழருக்கு, அவர் முஸ்லிம் இல்லையென்றால், தடை எதுவும் கிடையாது. சிங்கப்பூரில் உள்ளூர்க்காரர் கேசினோவுக்குள் போக 2019 முதல் நாளுக்கு 150 வெள்ளி கட்டணம். இங்கே அந்தத் தடுப்பும் இல்லை. ஆகவே அதே பாட்டு, அதே இருக்கை என்றாலும் நமக்கு அது வாசல். சம்பளம் வாங்கிய வாரக் கடைசியில் மேலே போய் வெறுங்கையோடு இறங்கியவர் கதை இல்லாத குடும்ப வட்டம் இந்தப் பள்ளத்தாக்கில் அபூர்வம். மேடை தரமானது என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது.

இரண்டாவது குறை நம்முடையது. பெரிய மேடை என்றதும் நம் கண் சென்னையைப் பார்க்கிறது. 2018 ஜனவரியில் ரஜினியும் கமலும் வந்த நட்சத்திர விழாவுக்கு புக்கிட் ஜாலில் அரங்கத்தில் கூடினோம். சரி, அவர்கள் வரட்டும். ஆனால் 2006-ல் 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்த யோகி பி & நட்சத்ரா இந்த மண்ணில் முளைத்த குழு. தமிழில் ராப் எடுபடும் என்று காட்டியவர்களில் அவர்கள் முன்னோடிகள். கோடம்பாக்கமே பிறகு அவர்களைக் கூப்பிட்டது. மலை மேடைக்காக அவர்கள் உருவாகவில்லை, மலை மேடை அவர்களை உருவாக்கவும் இல்லை.

கேசினோ காசில் நிற்கும் மேடைக்கு ஏற்கெனவே பெயர் எடுத்தவர்தான் வேண்டும். 6,000 இருக்கையை நிரப்ப வேறு வழியில்லை. புதியவர் தப்பாகப் பாடவும், வசனம் மறக்கவும், அடுத்த மாதம் திரும்ப வரவும் இடம் கொடுப்பது கீழே இருக்கிற மேடைகள். துன் சம்பந்தன் கட்டடத்தை முக்கியம் என்று சொன்னது அதனால்தான். அது யாருடைய தோல்விப் பணத்திலும் எழும்பவில்லை.

மலைக்குப் போங்கள், கச்சேரியும் பாருங்கள். பார்த்துவிட்டு நேராகக் கார் நிறுத்துமிடத்துக்கு நடங்கள், இறங்கும்போது சின்னக் கியரில் இறங்குங்கள். அடுத்த டிக்கெட்டை சோமா அரங்கத்தில், நீங்கள் இதுவரை பெயர் கேள்விப்படாத ஒருவருக்காக வாங்குங்கள்.