பாட்டுக்கு வேலி!

பாட்டு காற்றில் வருவது. காற்றுக்குக் கதவு இல்லை. கதவு வைத்தவன் மனிதன். அதற்குக் காவல் வைத்தவனும் அவனே. ஒரு காலத்தில் அந்த வாசலில் பிறப்பு காவல் நின்றது. பிறகு பணம் நின்றது. இன்றோ பணத்தோடு செல்வாக்கும், செல்வாக்கோடு சூழ்ச்சியும் கைகோத்து நிற்கின்றன. தனக்குப் பிடித்த இசைவாணரை ஒரே ஒருமுறை நேரில் கேட்க வேண்டும் என்ற ஆசையோடு புறப்படும் எளியவன், அந்த வாசலில் படும் பாடு கொஞ்சமல்ல.

“கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்பதும் ஒரு பிரச்சினையா? நாட்டிலே வேறு குறையே இல்லையா?” என்று சிலர் ஏளனம் பேசக்கூடும். குறைகள் உண்டு, கோடி உண்டு. ஆனால் உழைப்பவனுக்கு உணவு மட்டும் போதும், உவகை வேண்டாம் என்று தீர்ப்பு எழுதியவர் யார்? கஞ்சியிலே பங்கு கேட்பவன் கலையிலும் பங்கு கேட்பான். கேட்கத்தான் வேண்டும். கேளாதவன் பாதி விடுதலையோடு நின்றுவிடுகிறான்.

நுழைவுச்சீட்டு என்ற அந்தச் சின்னஞ்சிறு தாளை அற்பமாக எண்ணிவிட வேண்டாம். அது வருவதற்கு முன்பு இசை எங்கே குடியிருந்தது? கோயில் மண்டபத்தில், அரண்மனைக் கூடத்தில், மிராசுதார் வீட்டுக் கலியாணப் பந்தலில். கேட்க வந்தவனின் காதைப் பார்க்கவில்லை, குலத்தைப் பார்த்தார்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் அடியெடுத்து வைத்தது 1939-இல். அதுவரையில், கோயிலுக்குள் முழங்கிய நாயனம் மதிலைத் தாண்டி எவ்வளவு வந்ததோ அவ்வளவுக்குத்தான் அவர்கள் செவிக்கு உரிமை! நந்தன் கதையை உருக்கமாகப் பாடினார்கள். உள்ளே இருந்தவர்கள் கண்ணீர் விட்டுக் கேட்டார்கள். அந்த நந்தனின் பேரப்பிள்ளைகள் வெளியேதான் நின்றார்கள்.

இந்த நிலையில்தான் நாடகக் கொட்டகை வந்தது; பின்னர் டூரிங் டாக்கீஸ் வந்தது. வாசலில் இருந்தவன் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று — “காசு இருக்கிறதா?” குலம் என்ன, கோத்திரம் என்ன என்று அவன் கேட்கவில்லை. தரை டிக்கெட் வாங்கியவன் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்ந்தான். பணம் உள்ளவன் நாற்காலியில் சாய்ந்தான். ஏற்றத்தாழ்வு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது பிறப்பினால் வந்த தாழ்வல்ல. இன்று தரையில் அமர்ந்தவன், நாளை கூலி கூடினால் பெஞ்சுக்குப் போகலாம். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் திரையரங்கே என்றும், அங்கே இருக்கையை முடிவு செய்தது சாதிப்படி அல்ல, வாங்கும் ஆற்றலே என்றும் ஈழத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981-இல் எடுத்துக்காட்டினார். சீர்திருத்தச் சொற்பொழிவு நூறு செய்யவேண்டிய வேலையில் ஒரு பகுதியை, ஓரணாச் சீட்டு ஓசையில்லாமல் செய்து முடித்தது!

இசை மன்றங்களும் சீட்டு விற்கத்தான் செய்தன. ஆனால் அங்கே கேட்பவன் நுழைந்த பிறகும் அவன் மொழி வாசலிலேயே நின்றது. 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசைக்காக மாநாடு கூட்ட வேண்டியிருந்தது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் காண வேண்டியிருந்தது. 1946-இல் திருவையாற்றில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடியதும் இடமே தீட்டாகிவிட்டதாகப் பேசியவர்களைக் கண்டித்து, ‘தீட்டாயிடுத்து’ என்று தலைப்பிட்டுக் கலைஞர் எழுத வேண்டியிருந்தது. இத்தனை போராட்டத்துக்குப் பிறகு கிடைத்ததுதான், தமிழன் காசு கொடுத்துத் தமிழ் கேட்கும் உரிமை.

அந்த உரிமையை இன்று கைப்பேசியில் தேடிப் பார்த்தோம்.

நம் படிப்பகத்துத் தோழர்கள் ஐவர். ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் மின்பணியாளர், இருவர் கல்லூரி மாணவர், ஐந்தாமவர் நாம் எல்லோரும் ‘ஐயா’ என்று அழைக்கும் முதியவர் — ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். இளையராஜாவின் கச்சேரி நம் நகருக்கு வருகிறது என்று சுவரொட்டி கண்ட நாளிலிருந்து ஐயாவின் முகத்தில் ஒரு புது ஒளி. காரணம் உண்டு. தேவிகுளத்தில் 1958-இல் நடந்த இடைத்தேர்தலில், பொதுவுடைமைக் கட்சிக்காகப் பாவலர் வரதராசன் ஊர் ஊராகப் பாடி வந்தபோது, தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகனாகத் தரையில் அமர்ந்து கேட்டவர் அவர். அந்தப் பாவலரின் தம்பிதான் பண்ணைப்புரத்து இளையராஜா. “அண்ணன் பாட்டைக் காசில்லாமல் கேட்டேன், தம்பி பாட்டைக் காசு கொடுத்தாவது ஒருமுறை நேரில் கேட்டுவிட வேண்டும்” என்றார் ஐயா. இருபது வயது ஆசை அல்ல அது. எழுபத்தைந்தைத் தாண்டியவரின் ஆசை. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாத ஆசை.

விற்பனை காலை பத்து மணிக்கு என்றார்கள். ஒன்பதரைக்கே ஐந்து கைப்பேசிகளோடு அமர்ந்தோம். பத்து மணி அடித்தது. வரிசையில் உங்களுக்கு முன்னே இத்தனை ஆயிரம் பேர் என்று திரை காட்டிற்று. கண்ணுக்குத் தெரியாத வரிசை. முன்னே நிற்பவன் மனிதனா எந்திரமா என்று அறிய வழியில்லாத வரிசை. நாற்பது நிமிடம் கழித்து நம் முறை வந்தது. நாம் ஒதுக்கி வைத்திருந்தது ஆளுக்கு ஆயிரம் ரூபாய். அந்த வகுப்பு தீர்ந்துவிட்டது. எஞ்சியிருந்தவை தங்கம், வைரம் என்று பெயரிட்ட வகுப்புகள். ஒரு சீட்டின் விலை ஐயாவின் ஒரு மாதத்து ஓய்வூதியத்தைவிட அதிகம். அன்று மாலையே, தீர்ந்துபோன ஆயிரம் ரூபாய்ச் சீட்டுகள் வேறொரு பக்கத்தில் மூவாயிரத்துக்குத் தலைகாட்டின. காலையில் மாயமானவை மாலையில் விலையேறி உயிர்த்தெழுந்தன! மாயம் அல்ல, மந்திரம் அல்ல, வாணிபம்.

இதை அறிந்த செல்வாக்குள்ள ஒருவர், “எனக்கு விருந்தினர் சீட்டுப் பத்து வந்திருக்கிறது, பெரியவருக்கு ஒன்று தருகிறேன், வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்” என்று சொல்லியனுப்பினார். முன்வரிசைச் சீட்டு. மாணவத் தோழர் மகிழ்ந்தார். ஐயா மறுத்துவிட்டார். “அவர் வீட்டு வாசலில் நின்று வாங்கினால், அன்று இரவு முழுவதும் என் காதில் பாட்டு விழாது தம்பி, கைகட்டி நின்றதுதான் நினைவில் இருக்கும்” என்றார். தன்மானம் என்பது மேடையில் முழங்கும் சொல் அல்ல, இப்படி ஒரு சீட்டை வேண்டாம் என்று சொல்லும் உறுதி என்பதை அன்று கண்டோம்.

கச்சேரி நாளன்று ஐவரும் மைதானத்துக்கு வெளியே, தகரத் தடுப்புக்கு அப்பால், தேநீர்க் கடை ஓரம் நின்றோம். நம்மைப் போல் நூற்றுக்கணக்கானோர். பேருந்து வராத வேளைகளில் பாட்டு வந்தது. பேருந்து வந்தபோது பாட்டு போனது. ஐயா கண்மூடிக் கேட்டார். மதுரையின் கல் மதில் நினைவுக்கு வந்தது. கல் போய்த் தகரம் வந்திருக்கிறது. செவிக்குக் கிடைத்த பங்கு மட்டும் ஏறத்தாழ அதே அளவு!

பாடியவர் மீது நாம் பழி சொல்லவில்லை. மேடையில் வாசிக்கும் ஒவ்வொருவருக்கும் கூலி வேண்டும். ஒலிபெருக்கிக்கும் விளக்குக்கும் பந்தலுக்கும் செலவு உண்டு. கலைஞனின் உழைப்பை ஓசியில் உண்ண நினைப்பவன் பகுத்தறிவாளன் அல்ல. விலை இருக்கட்டும், நியாயமான விலை இருக்கட்டும். நாம் கேட்பது, அந்த விலையைக் கொடுக்கக் காத்திருப்பவனுக்கு முன்பாகவே இருக்கைகள் எங்கே போயின என்பதுதான்.

இந்த நோய் நம் ஊருக்கு மட்டும் வந்ததல்ல. 2022 நவம்பரில் அமெரிக்காவில் டெய்லர் சுவிஃப்ட் கச்சேரிகளுக்கு முன்விற்பனை நடந்தது. ஒரே நாளில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் விற்றும், பல மணி நேரம் காத்திருந்தோர் வெறுங்கையோடு திரும்பினர். பொது விற்பனையே கைவிடப்பட்டது. 2023 சனவரியில் அந்நாட்டுச் செனட் குழு விசாரித்தது; 2024 மே மாதத்தில் அரசே ஏகபோகக் குற்றம் சாட்டி வழக்குத் தொடுத்தது. 2024 ஆகஸ்டில் பிரிட்டனில் ஓயாசிஸ் குழுவின் கச்சேரிக்கு ஏறத்தாழ 150 பவுண்டாக இருந்த சீட்டு, வரிசையில் நின்றவன் முறை வருவதற்குள் 350 பவுண்டைத் தாண்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் மும்பைக்கு அருகே நடக்கவிருந்த கோல்டுப்ளே கச்சேரிக்கு 2,500 ரூபாய் முதல் 35,000 ரூபாய் வரை விலை வைத்தார்கள். கள்ளச் சந்தையில் லட்சக்கணக்கில் பேரம் நடந்தது. சீட்டு கிடைத்தவன் நிலையாவது மேலானதா? 2023 செப்டம்பர் 10-ஆம் நாள் சென்னையை அடுத்த பனையூரில் ஏ.ஆர். ரகுமான் இசை நிகழ்ச்சிக்குச் சீட்டோடு சென்றவர்கள் பலர், நெரிசலில் சிக்கி, உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள், பெண்கள் துன்புற்றனர். இடத்தின் அளவை மறந்து சீட்டு விற்றால் விளைவது அதுதான்.

ஆண்டவனைக் காண்பதற்கே திருப்பதியில் 300 ரூபாய்ச் சிறப்பு வரிசை வைத்திருக்கும் நாட்டில், பாடகனைக் காண வைர வரிசை வைத்ததில் வியப்பென்ன என்று கேட்கலாம். வியப்பில்லை, ஆபத்து இருக்கிறது. இசையைக் கேட்கப் போகிறவன் சிந்திப்பான். தரிசனத்துக்குப் போகிறவன் விலை பேச மாட்டான். கலைஞனைக் கடவுளாக்கி, இரசிகனைப் பக்தனாக்கினால், தரகனுக்குப் பூசாரி வேலை கிடைத்துவிடுகிறது. வட்டிக்கு வாங்கியாவது ‘அவரை’ப் பார்த்தே தீருவேன் என்று துடிக்கும் இளைஞனே, கள்ளச் சந்தையின் முதல் முதலீடு உன் பக்திதான் என்பதை உணர மாட்டாயா?

என்ன செய்வது? முதலில் கணக்குக் கேட்போம். மொத்த இருக்கை எத்தனை, விளம்பரம் தந்தவர்க்கு எத்தனை, விருந்தினர்க்கு எத்தனை, மக்களுக்கு எத்தனை — விற்பனைக்கு முன்பே இவற்றை வெளியிட வேண்டும். வாங்கிய விலைக்கு மேல் மறுபடி விற்பதைச் சட்டம் தடுக்க வேண்டும். இசை நிகழ்ச்சிச் சீட்டுக்குச் சரக்கு-சேவை வரி விலக்கு வரம்பை 2018-இல் 250 ரூபாயிலிருந்து 500 ரூபாயாக உயர்த்தினார்கள். சாமானியனின் சீட்டு எது என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது! அப்படியானால் அந்த 500 ரூபாய்ச் சீட்டில் ஒரு பங்கைக் கட்டாயமாக்கி, நேரில் வரிசையில் நிற்பவனுக்குச் சன்னலில் விற்கச் சொல்லக் கூடாதா? கைப்பேசி வேகம் இல்லாதவனுக்கும் காது உண்டே!

இதற்கெல்லாம் மேலாக, வேலியில்லாத மேடைகள் பெருக வேண்டும். வழி புதிதல்ல. இசைமுரசு நாகூர் அனிபாவின் குரலை நம் மக்கள் கேட்டது எந்த அரங்கத்தில்? திறந்த மைதானத்தில். 2007-இல் சென்னை சங்கமம் பூங்காக்களிலும் தெருக்களிலும் பறையையும் கரகத்தையும் கொண்டுவந்து நிறுத்தியது. 2023-இல் அரசு அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் வாழும் கடற்கரையில், கருநாடக இசையும் மேடையேறியது. கடல் யாரிடமும் சீட்டுக் கேட்கவில்லை, இசையும் கெட்டுப்போகவில்லை. ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது, பெரும்புகழ் பெற்ற இசைவாணர் பொது மைதானத்தில் பாட அரசும் உள்ளாட்சியும் ஏற்பாடு செய்தால், கருவூலம் காலியாகிவிடாது.

தோழர்களே, கள்ள விலை கொடுக்க மறுப்பதும், ஓசிச் சீட்டுக்குக் கைகட்ட மறுப்பதும் நம் கையில் இருக்கின்றன, இன்றே தொடங்கலாம். கணக்குக் கேட்பது ஊர்தோறும் உள்ள படிப்பகங்களின் வேலை, அதையும் தொடங்கலாம். பிறப்பு என்ற காவலனை வாசலிலிருந்து விரட்டிய மக்களுக்கு, பேராசை என்ற காவலனை விரட்டுவதா கடினம்? காலம் கொஞ்சம்தான் தருகிறது. ஐயாவைப் போன்றோர் நெடுநாள் காத்திருக்க முடியாது. தகரத்தைப் பிரிப்போம், பாட்டு எல்லோர் காதுக்கும் வரட்டும்.